ஆட்டிசமும் பல்கலைக்கழக ஆராய்ச்சியும்: அங்கத்தினர் இல்லங்களுக்கு ஒரு விளக்கம்

உறையூரில் ஒரு நெசவாளர் இல்லத்தை மனக்கண் முன் நிறுத்திப் பார்ப்போம். தகப்பனார் குழித்தறியில் அமர்ந்து நெய்துகொண்டிருக்கிறார். தாயார் ராட்டையின் முன் அமர்ந்து தார் சுற்றுகிறார். மூன்று வயது நிறைந்த மகன் ராட்டைச் சக்கரத்தையே உற்று நோக்கியவண்ணம் ஒரு மணி, இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். பெயர் சொல்லி நான்கு முறை அழைத்தாலும் திரும்புவதில்லை. ஆனால் தெருக்கோடியில் ஐஸ் விற்பவர் மணியடித்தால் உடனே தலை நிமிர்கிறான். தாகம் எடுத்தால் தண்ணீர் என்று கேட்பதில்லை. விரல் நீட்டிக் காட்டுவதுமில்லை. தாயாரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் சென்று, அந்தக் கையைத் தூக்கிக் குடத்தின் மேல் வைக்கிறான். அவர் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.

காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கம் தீவில் வாழை பயிரிடும் மற்றோர் அங்கத்தினரின் இல்லம். அங்கே நான்கு வயதுப் பெண் குழந்தை. ஒன்றரை வயதில் ‘அம்மா’, ‘பூ’, ‘காக்கா’ என்று பத்துப் பன்னிரண்டு சொற்கள் பேசியவள், பின்னர் ஒவ்வொன்றாக அவற்றை இழந்துவிட்டாள். தொலைக்காட்சியில் கேட்ட விளம்பர வாசகத்தை மட்டும் பிசகாமல் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் மேளச் சத்தம் கேட்டதும் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து கதறுகிறாள். சுற்றி நிற்பவர்கள் பெற்றவளைத்தான் பார்க்கிறார்கள்.

இவை குறிப்பிட்ட எந்தக் குடும்பத்தையும் சுட்டுவன அல்ல. ஆயினும் இவற்றை ஒத்த இல்லங்கள் நம் சங்கங்களில் உண்டு. ‘அவன் தகப்பனும் ஐந்து வயதில்தான் பேசினான்’ என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். திருஷ்டி என்பார் சிலர். ‘தறியே கதி என்று கிடந்தால் பிள்ளை எப்படிப் பேசும்?’ என்று தாயைப் பழிப்பார் வேறு சிலர். இப்படியே இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. இந்தக் குழந்தைகளின் நிலைமைக்குப் பெயர் ஆட்டிசம். அதைப் பற்றிப் பல்கலைக்கழகங்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து கண்டவற்றுள் நம் இல்லங்களுக்குப் பயன்படக் கூடியவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டிசம் என்பது யாது?

ஆட்டிசம் ஒட்டிக்கொள்ளும் வியாதி அன்று, பைத்தியமும் அன்று. மூளை வளர்ச்சியடையும் முறையிலேயே அமைந்த ஒரு வேறுபாடு அது, பிறவியிலேயே வித்தூன்றியது. அரசாங்கத் தாள்களில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்ற சொல்லையும் காணலாம். அச்சொல்லைக் கண்டு, இக்குழந்தைகளுக்குப் புற உலகமே தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் காண்கிறார்கள், கேட்கிறார்கள், உணர்கிறார்கள்; சிலர் நம்மைவிடக் கூர்மையாகவே உணர்கிறார்கள்.

இதன் இலக்கணம் இரண்டு. முதலாவது, பிறருடன் உறவாடுவதிலும் கருத்தைப் பரிமாறுவதிலும் உள்ள இடர்ப்பாடு. கண்ணோடு கண் நோக்காமை, பெயருக்குத் திரும்பாமை, பேச்சு வராமை அல்லது கேட்டதையே திருப்பிச் சொல்லுதல் ஆகியன இவ்வகை. இரண்டாவது, ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்தலும், மாறாத வழக்கத்தைப் பற்றி நிற்றலும், ஒலி, ஒளி, தொடுகை முதலியவற்றை அளவுக்கு மிஞ்சியோ மிகக் குறைவாகவோ உணர்தலும். இவ்விரண்டும் சேர்ந்திருந்தால்தான் ஆட்டிசம் என்று வைத்தியர்கள் முடிவு செய்வர். ஒருவர் பேசவே இயலாதவராக இருப்பார். மற்றொருவர் பட்டம் பெற்று உத்தியோகம் பார்ப்பார். ஒரே பெயரின் கீழ் இத்தனை வேற்றுமை உண்டு.

இது அரிதானதும் அன்று. இந்தியாவில் ஐந்து இடங்களில், 2 முதல் 9 வயது வரையுள்ள ஏறத்தாழ 4,000 குழந்தைகளைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியாயிற்று. சற்றேறக்குறைய எட்டில் ஒரு குழந்தைக்கு ஏதேனும் ஒரு வளர்ச்சிக் குறைபாடு இருப்பதையும், ஆட்டிசம் மட்டும் நூற்றில் ஒருவர் என்ற அளவில் இருப்பதையும் அது காட்டிற்று. ஐந்நூறு குழந்தைகள் உள்ள ஒரு நெசவாளர் குடியிருப்பில் ஐந்து பேர் இருக்கக் கூடும் என்று இதற்குப் பொருள். ஆண் குழந்தைகளிடம் மிகுதியாகக் கண்டறியப்படுகிறது. பெண் குழந்தைகளிடம் இருப்பது பல சமயம் கவனிக்கப்படாமலே போய்விடுகிறது.

தாயின் மீது சுமத்தப்பட்ட பழி

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் லியோ கானர், தம்மிடம் வந்த 11 குழந்தைகளைப் பற்றி 1943-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எட்டுப் பேர் ஆண்கள், மூவர் பெண்கள். இந்நிலைமை தனித்ததொன்று என்பதை மருத்துவ உலகம் உணர்வதற்கு அக்கட்டுரையே வழிகோலிற்று. மறு ஆண்டில் வியன்னாவில் டாக்டர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், நன்கு பேசக் கூடியவர்களாயினும் பிறருடன் பழக இயலாத சிறுவர்களைப் பற்றி எழுதினார்.

நோக்கியவற்றை நுணுக்கமாக எழுதிய கானர், காரணம் கூறுமிடத்தில் இடறிவிட்டார். இக்குழந்தைகளின் பெற்றோர் அன்பு குளிர்ந்தவர்கள் என்ற கருத்துக்கு அவர் எழுத்துகள் இடமளித்தன. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய புரூனோ பெட்டல்ஹைம் அதனை மேலும் வளர்த்து, 1967-இல் வெளியிட்ட நூலில் தாயின் அன்பின்மையே குழந்தையை இவ்வாறு உள்ளொடுங்கச் செய்கிறது என்று வாதித்தார். குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சை என்றும் நம்பப்பட்டது. பெற்ற பிள்ளை பேசவில்லையே என்று ஏங்கிய தாய்மார்கள், அதற்குத் தாமே காரணம் என்ற பழியையும் சுமந்தார்கள். படித்தோர் செய்த பிழை, படியாதோர் செய்யும் பிழையைவிடத் தூரம் பரவும் என்பதற்கு இது சான்று.

அப்பழியைத் துடைத்ததும் ஆராய்ச்சியே. பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியல் அறிஞர், தாமே ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. கிடைத்த ஆதாரங்கள் அனைத்தையும் திரட்டி, இது உடற்கூறு சார்ந்தது, வளர்ப்பினால் வந்ததன்று என்று 1964-இல் ஒரு நூலில் நிலைநாட்ட முற்பட்டார். கானரும் 1969-இல் பெற்றோர் கூட்டமொன்றில், பெற்றோர் குற்றவாளிகள் அல்லர் என்று பகிரங்கமாகக் கூறினார்.

1977-இல் லண்டனில் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் வெளியிட்ட இரட்டையர் ஆராய்ச்சி இதற்கு உறுதியான சான்றாயிற்று. இரட்டைக் குழந்தைகளில் இரு வகை உண்டு. ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள் பரம்பரைக் கூறு முழுவதையும் ஒன்றாகப் பெற்றவர்கள்; இரு கருவிலிருந்து தோன்றியவர்கள் சாதாரண உடன்பிறப்புகளைப் போன்றவர்கள். இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே தாயால் வளர்க்கப்படுகிறவர்களே. வளர்ப்புதான் காரணமாயின் இரு வகையிலும் ஒரே அளவு காணப்பட வேண்டும். நடந்தது வேறு. ஒரு கரு இரட்டையர் 11 ஜோடிகளில் நான்கு ஜோடிகளில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. இரு கரு இரட்டையர் 10 ஜோடிகளில் ஒன்றில் கூட அவ்வாறில்லை. எண்ணிக்கை சிறிதே, ஆயினும் பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளும் பரம்பரைக் கூறுகளின் பங்கை உறுதிப்படுத்தின. காரணம் ஒன்றன்று, பல மரபுக் கூறுகளும், கரு வளரும் காலத்துச் சூழ்நிலைகளும் கலந்தவை. தாயின் அன்புக் குறைவு அவற்றுள் ஒன்று அன்று. இதனை நம் திண்ணைகளில் உரக்கச் சொல்ல வேண்டும்.

குழந்தையின் மனத்தை அறிதல்

1985-இல் லண்டனில் சைமன் பாரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊடா ஃப்ரித் ஆகியோர் ஓர் எளிய பரிசோதனை நடத்தினர். சாலி, ஆன் என்று இரண்டு பொம்மைகள். சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். அவள் இல்லாதபோது ஆன் அதனை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறாள். திரும்பி வந்த சாலி கோலியை எங்கே தேடுவாள்? கூடையில் என்பதே சரியான விடை. மாற்றியது அவளுக்குத் தெரியாதல்லவா? ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் பெட்டியையே காட்டினர். பிறர் மனத்தில் இருப்பது தம் மனத்தில் இருப்பதினின்றும் வேறாகலாம் என்பது அவர்களுக்கு எளிதில் புலப்படவில்லை. பாரன்-கோஹன் பின்னர் 1997-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆட்டிசம் ஆராய்ச்சி மையத்தை நிறுவினார்.

இதனால் நாம் அறிவது, இக்குழந்தை வேண்டுமென்று அடம் பிடிப்பதில்லை என்பதே. ‘அம்மா களைத்திருக்கிறாள்’ என்று அதற்கு முகத்தைக் கண்டு தெரிவதில்லை. சொல்லியும் காட்டியும் விளக்க வேண்டும். இதற்கு மறுபக்கமும் உண்டு. தாமே ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற ஆராய்ச்சியாளர் 2012-இல் எழுதிய கட்டுரையில், அவர்கள் நம்மைப் புரிந்துகொள்ளாதது போலவே நாமும் அவர்களைப் புரிந்துகொள்வதில்லை, குறை இரு பக்கத்திலும் உள்ளது என்று எடுத்துக்காட்டினார். நியாயமான கூற்று.

பெற்றோரைக் கூட்டாளிகளாக்கிய பல்கலைக்கழகம்

கூட்டுறவாளர்களாகிய நமக்கு மிகவும் உவப்பான செய்தி இனி வருவது. பருத்தி ஆலைகளுக்கும் புகையிலைப் பயிருக்கும் நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளர் என்ற அறிஞரும் அவருடைய துணைவர்களும் 1966 முதல் ஒரு புது முயற்சியில் இறங்கினர். ஷாப்ளர், பெட்டல்ஹைம் பணியாற்றிய சிகாகோவிலேயே பயின்றவர். ஆனால் அவர் முடிவுக்கு நேர் மாறான முடிவுக்கு வந்தவர். குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதற்குப் பதில், பெற்றோரையே சிகிச்சையில் கூட்டாளிகளாக அமர்த்தினார். வல்லுநர் குழந்தையுடன் பழகும் விதத்தைப் பெற்றோர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னிருந்து கவனிப்பர். பிறகு அவர்களே செய்து காட்டுவர். வீட்டுக்குச் சென்று தொடர்வர்.

பலன் கண்ட பெற்றோர்கள் தம் மாநிலச் சட்டசபையை அணுகி, இத்திட்டம் மாநிலம் முழுவதும் பரவ வேண்டுமென்று வற்புறுத்தினர். 1972-இல் சட்டம் நிறைவேறிற்று. ‘டீச்’ என்று வழங்கும் அத்திட்டம் இன்றும் நடைபெறுகிறது. பல்கலைக்கழகம் அறிவைக் கொடுத்தது; பெற்றோர் உழைப்பைக் கொடுத்தனர்; அரசாங்கம் பொருளைக் கொடுத்தது. கூட்டுறவின் உட்பொருளும் இதுவே அல்லவா?

வேலூரும் கோவாவும்

இக்கொள்கை நம் நாட்டுக்குப் புதிதன்று. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மனநல மையம் பாகாயத்தில் 1957-இல் டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் என்ற அம்மையாரால் தொடங்கப்பட்டது. நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கு பெறுவது அங்கே ஆதி முதல் வழக்கம். அக்கல்லூரியின் ‘நம்பிக்கை நிலையம்’ என்ற பிரிவில், வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தையுடன் பெற்றோர் தங்கி, பயிற்சி முறைகளைத் தாமே கற்றுக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். ஆட்டிசத்தின் அளவை மதிப்பிடும் ஓர் அயல்நாட்டு அளவுகோல் நம் நாட்டுக் குழந்தைகளுக்குப் பொருந்துமா என்று வேலூர் மருத்துவர்கள் ஆராய்ந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர். செகந்திராபாத்திலுள்ள தேசிய நிறுவனம் 40 வினாக்கள் கொண்ட இந்திய அளவுகோல் ஒன்றையும் தயாரித்திருக்கிறது. சான்றிதழ் வழங்குவதற்குரிய கருவியாக மத்திய அரசு அதனை 2016-இல் அறிவித்தது.

வல்லுநர்கள் பெரு நகரங்களிலேயே இருக்கிறார்களே, கிராமத்தார் என்ன செய்வது என்ற கேள்வி எழும். இதற்கு விடை காண இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தாரும் கோவாவிலுள்ள சங்காத் நிறுவனத்தாரும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலுள்ள ஆராய்ச்சியாளரும் கூடி முயன்றனர். மனநல வல்லுநர் அல்லாத சாதாரண ஊழியர்களுக்குப் பயிற்சியளித்து, அவர்கள் மூலம் 12 அமர்வுகளில் பெற்றோருக்குக் கற்பித்தனர். பெற்றோர் குழந்தையுடன் விளையாடுவதைப் படம் பிடித்து, அதனை அவர்களுக்கே போட்டுக் காட்டி, ‘இந்த இடத்தில் குழந்தை உங்களைப் பார்த்தது, கவனித்தீர்களா?’ என்று உணர்த்தினர். 65 குழந்தைகளைக் கொண்டு நடத்திய இப்பரிசோதனையின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற பெற்றோர் குழந்தையின் போக்குக்கு இசைந்து நடக்கக் கற்றனர். குழந்தைகளும் தாமாகத் தொடர்பு கொள்ள முன்வந்தது அதிகரித்தது. எல்லா அளவுகளிலும் முன்னேற்றம் காணப்பட்டது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் வல்லுநர் இல்லாத ஊரிலும் வழி உண்டு என்பது தெளிவாயிற்று.

இல்லத்தில் செய்யத்தக்கவை

இம்முறைகளின் சாரத்தை நம் வீட்டுச் சாமான்களைக் கொண்டே விளக்கலாம்.

முதலாவது, குழந்தையின் விருப்பத்தைப் பின்தொடர்தல். ராட்டைச் சக்கரத்தில் மனம் வைத்த பிள்ளையை அங்கிருந்து இழுத்து வந்து எழுத்துப் பலகையின் முன் உட்கார்த்துவதால் பயனில்லை. தாயார் சக்கரத்தின் அருகில், பிள்ளையின் முகத்துக்கு நேராக அமர வேண்டும். சக்கரத்தைச் சுற்றிப் பின் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிள்ளை ஒரு கணம் முகத்தைப் பார்த்தாலும், ஓர் ஒலி எழுப்பினாலும், உடனே ‘சுத்து’ என்று சொல்லிச் சுற்ற வேண்டும். மீண்டும் நிறுத்த வேண்டும். சில வாரங்களில் அந்தப் பார்வையே கேட்பதற்கு அடையாளமாகிவிடலாம். கையைப் பிடித்து இழுப்பதினின்று கண்ணைப் பார்த்துக் கேட்பதற்கு ஏறுவதே முதற்படி.

இரண்டாவது, சொற்களைச் சுருக்குதல். ‘கண்ணா, சோறு ஆறிப்போகுது, சீக்கிரம் வந்து உட்காரு’ என்பது நமக்கு ஒரு வாக்கியம், அக்குழந்தைக்கு இரைச்சல். ‘சோறு’ என்று கிண்ணத்தைக் காட்டினால் போதும். சொன்ன பின் மனத்துக்குள் பத்து எண்ணும் வரை காத்திருக்க வேண்டும். பதிலை நாமே சொல்லிவிடுவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் பிழை.

மூன்றாவது, நாளின் ஒழுங்கைக் கண்ணுக்குக் காட்டுதல். ‘டீச்’ திட்டத்தார் வகுத்த முறை இது. பல் துலக்குதல், குளியல், இட்லி, பள்ளி, விளையாட்டு, உறக்கம் ஆகியவற்றைச் சிறு அட்டைகளில் படமாக வரைந்து வரிசையாகச் சுவரில் மாட்டி, முடிந்ததைக் கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். அடுத்து நடப்பது இன்னதென்று தெரிந்தால் குழந்தையின் கலக்கம் தணிகிறது. பாவு ஒழுங்காக இருந்தால் ஊடை சிக்கலின்றி ஓடுவது போலத்தான்.

நான்காவது, ஒலிக்கும் கூட்டத்துக்கும் முன்னேற்பாடு. ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ஏகாதசி நெரிசலில்தான் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதில்லை. சந்தடியற்ற வேளையில் வெளிப் பிராகாரம் வரை ஒரு நாள், உள்ளே சற்றுத் தூரம் மறுநாள் என்று பழக்கலாம். காதை அடைக்கும் சாதனம் உதவும். கதறும் குழந்தையை அடிப்பது, தீக்காயத்தின் மேல் அடிப்பதற்கு ஒப்பாகும்.

இவற்றை நாள்தோறும் அரைமணி நேரம் விளையாட்டாகச் செய்தாலே போதும். தறி நிற்க வேண்டியதில்லை. தாயார் மட்டுமன்றித் தகப்பனாரும் பாட்டியும் ஒரே முறையைக் கைக்கொள்வது அவசியம்.

காலத்தே காணுதல்

ஓராண்டு நிறைந்தும் பெயருக்குத் திரும்பாமை; ஒன்றரை வயதாகியும் வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டாமை; காக்கையையோ விமானத்தையோ கண்டு ‘நீயும் பார்’ என்பது போல நம்மை நோக்காமை; இரண்டு வயதாகியும் இரு சொற்களைத் தாமாகச் சேர்த்துப் பேசாமை; எந்த வயதிலாயினும் பேசிய சொற்களை இழத்தல். இவற்றுள் எது காணப்பட்டாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இரத்தப் பரிசோதனையாலோ ஸ்கேன் படத்தாலோ ஆட்டிசத்தைக் கண்டறிய இயலாது. பயிற்சி பெற்றவர் குழந்தையை நேரில் கவனித்தும் பெற்றோரை விசாரித்துமே முடிவு செய்வர். ஐஸ் மணிக்குத் திரும்புகிறான் என்பதால் செவி பழுதில்லை என்று நாமாகத் தீர்மானிக்கலாகாது. செவிப் பரிசோதனை முதலில் அவசியம்.

இரண்டு வயதளவிலேயே தேர்ந்தவர்களால் கண்டறிய முடியும். இளமையில் மூளை வளைந்து கொடுக்கும். ஆடிப் பட்டம் தேடி விதைப்பவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பட்டம் தவறிய பயிர் பாழாகலாம். காலம் தாழ்ந்து கண்டறியப்பட்ட குழந்தை பாழாவதில்லை. பத்து வயதிலும் இருபது வயதிலும் கற்றவர்கள் உண்டு.

மருந்தின் பெயரால் மோசம் போகாதீர்

ஆட்டிசத்தை அடியோடு நீக்கும் மருந்து எதுவும் இல்லை. உடன் வரும் வலிப்பு, உறக்கமின்மை போன்றவற்றுக்கு மருந்து உண்டு. அவற்றை வைத்தியர் சொற்படி கொடுக்கலாம். ‘ஆறு மாதத்தில் பேச வைக்கிறோம்’ என்று முன்பணம் கேட்பவர்களை நம்பி, நகையை அடகு வைத்தவர்களும் வாழைத் தோட்டத்தை ஒத்திக்கு விட்டவர்களும் உண்டு. ஸ்டெம் செல் என்னும் மூல உயிரணுச் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைப்பதற்கில்லை என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022-இல் தெரிவித்தது.

தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற வதந்தியும் உலவுகிறது. 1998-இல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்ட் என்பவர் 12 குழந்தைகளைக் கொண்டு எழுதிய கட்டுரையே இதன் மூலம். அது நேர்மையற்றதென்று கண்டு, வெளியிட்ட பத்திரிகையே 2010-இல் அதனைத் திரும்பப் பெற்றது. அவர் பெயரும் வைத்தியர் பதிவேட்டினின்று நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று காட்டிற்று. ஆகையால் தடுப்பூசியைத் தவிர்ப்பது வீண் ஆபத்தாகும்.

உரிமையும் உதவியும்

1999-இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், ஆட்டிசம் உள்ளோருக்கு ‘நிராமயா’ என்ற மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. பதினெட்டு வயது நிறைந்த பின் பாதுகாவலரை நியமிக்கக் கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஆட்டிசத்தை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. 40 சதவிகிதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்றிதழ் பெற்ற குழந்தைக்கு, 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. பள்ளியில் சேர்க்க மறுத்தால் சட்டத்தைச் சுட்டிக்காட்டலாம்.

2013 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகள் பரிசோதிக்கப்பட்டு, மாவட்ட ஆரம்ப நிலைத் தலையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். திருச்சி அங்கத்தினர்கள் முதலில் அங்கன்வாடி ஊழியரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகலாம். புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் விசாரிக்கலாம். சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழிகாட்டும். பாரதிதாசன் பல்கலைக்கழகம் காஜாமலை வளாகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு மையம் நடத்துகிறது. ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியல் ஒரு துறையாகவே கற்பிக்கப்படுகிறது. கல்வி நிலையங்கள் நம் வாயிலிலேயே இருக்க, நாம் எட்டி நிற்பது தகாது.

சங்கங்கள் செய்யத்தக்கது

ஒரு குடும்பம் தனித்து நின்று தாங்க முடியாத சுமையைப் பலர் கூடித் தாங்குவதற்காகவே சங்கங்கள் பிறந்தன. ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோரை வாட்டுவது செலவு மட்டுமன்று, தனிமையே பெரிது. விசேஷங்களுக்கு அழைப்பார் இல்லை. அழைத்தாலும் போகத் துணிவில்லை.

சங்கங்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம். பொதுக்குழு கூடும் நாளில் அரைமணி நேரம் ஒதுக்கி, அறிந்த ஒருவரை அழைத்து, மேற்கூறிய அடையாளங்களை விளக்கச் செய்யலாம். பொது நல நிதியினின்று, விதிகளுக்கு உட்பட்டு, பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் செல்லும் குடும்பத்துக்குப் பிரயாணச் செலவு தரலாம். இத்தகைய பெற்றோர் மாதம் ஒருமுறை சங்கக் கட்டடத்தில் கூடிப் பேச இடமளிக்கலாம். ஒருவர் கண்ட உபாயம் மற்றவருக்கு உதவும்.

வளர்ந்த பின் இவர்களுக்கு ஏற்ற வேலையும் நம்மிடம் இருக்கிறது. தார் சுற்றுதல், நூலை நிறவாரியாகப் பிரித்தல், துணி மடித்தல், வாழைச் சீப்புகளைத் தரம் பிரித்தல் முதலியவை ஒழுங்கும் கூர்ந்த கவனமும் வேண்டும் வேலைகள். சிலர் இவற்றில் சிறந்து விளங்கக் கூடும். குழந்தைப் பருவத்தில் இவை விளையாட்டாகவும் பழக்கமாகவுமே இருக்கட்டும். உரிய வயதில் விருப்பமுள்ளவருக்கு உரிய கூலியோடு வேலையாகட்டும்.

உறையூர்த் தாயாருக்கும் ஸ்ரீரங்கத்துத் தாயாருக்கும் ஆராய்ச்சி சொல்லும் செய்தி சுருக்கமானது. அம்மா, இது உங்கள் குற்றம் அன்று. ஆயினும் உங்கள் கை இன்றியமையாதது. அந்தக் கைக்குத் துணையாகச் சங்கத்தின் கையும் சேர வேண்டும். அடுத்த முறை கோயிலிலோ கடைத்தெருவிலோ ஒரு குழந்தை காதைப் பொத்திக் கதறக் கண்டால், அங்கத்தினர்கள் தாயை முறைத்துப் பார்க்காமல், சற்று விலகி வழி விட்டு, ‘நாங்கள் ஏதாவது செய்யட்டுமா, அம்மா?’ என்று கேட்பார்களானால், அதுவே நல்ல தொடக்கமாகும்.